வெடிக்கு அசையாத சரிவு

மதியம் ரோட்கோஃபெல் மலைச் சரிவில் குண்டு வைத்தார்கள். புயல் வருவதற்கு முன்பே பனியை உதிர்த்துவிடுவது ஆல்ப்ஸ் மலையின் அந்தத் திரோல் பள்ளத்தாக்கில் வழக்கம். சத்தம் ஊரையே குலுக்கியது. ஆனால் சரிவிலிருந்து ஒரு பிடி பனிகூட இறங்கவில்லை.

"பாத்தியா ஆஃப்ரா, வெடிக்கே அசையல. இனி எங்க விழப்போகுது?" என்றார் ஊர்த்தலைவர் செராஃபின். அவருக்குச் சொந்தமாக விடுதி உண்டு. கீழேயிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது.

ஆஃப்ரா பனிச்சரிவுக் குழுவின் தலைவி. அடிவாரத்துத் தடுப்புக்கட்டையை இறக்கி, அந்தச் சரிவுக்குக் கீழே ஊருக்கு ஏறிவரும் சாலையை மூடும் பொத்தான் அவள் மேசையில்தான் இருந்தது. காலையில் அவளே மேலே போய்க் குழி தோண்டிப் பார்த்திருந்தாள். மேலே கெட்டித்த பனி, அடியில் சர்க்கரை போல ஒட்டாத பொடி. மண்வெட்டியால் லேசாகத் தட்டியதுமே மேல்பனி வழுக்கிக்கொண்டு வந்தது.

"விழலன்னா அவ்வளவும் இன்னும் மேலயே இருக்குன்னு அர்த்தம். காத்து வேற திரும்பியிருக்கு. மூடியே ஆகணும்."

"போன வருஷமும் இப்படித்தான் மூடுன. ஒண்ணும் விழல, நான் வெச்ச சூப்பு வீணானதுதான் மிச்சம். பயந்தாங்கொள்ளின்னு ஊரே உன்னைப் பாத்துச் சிரிச்சுது. பஸ் மட்டும் வந்துடட்டும், அப்புறம் சொர்க்கத்தையே மூடிக்க."

அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் ஆறவில்லை. பாழாய்ப்போன ரோஷம். பொத்தானிலிருந்து கையை எடுத்தாள்.

பஸ் வந்து சேர்ந்தது. செராஃபின் வாயெல்லாம் பல்லாக விருந்தாளிகளை வரவேற்கப் போனார். அதற்குள் காற்று முகட்டுப் பனியை வாரி வாரிச் சரிவில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆஃப்ரா பொத்தானை அழுத்தினாள்.

அப்போது ஃபோன் அடித்தது. பாலாடைக்கட்டி விற்கக் கீழே நகரத்துக்குப் போயிருந்த புருஷன் காஸ்பர்.

"தங்கச்சி வீட்லயே தங்கிடலாம்னுதான் இருந்தேன். அடிவாரத்துல எட்டிப் பாத்தா தடுப்புக்கட்டை தூக்கியே இருந்துச்சு. நீ தொறந்து வெச்சிருக்கன்னா அப்புறம் எனக்கென்ன பயம்? கெளம்பிட்டேன்."

அவள் ஜன்னலுக்கு ஓடிச் சரிவைப் பார்த்தாள். "இப்ப எங்க இருக்க?"

"ரோட்கோஃபெலுக்கு அடியில. ஏன், குரலே சரியில்ல?"

திரும்பிப் போ என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அந்த ஒடுங்கிய சாலையில் வண்டியைத் திருப்பும் நேரத்துக்குள் சரிவைக் கடந்தே விடலாம்.

"நிக்காத காஸ்பர். வந்துக்கிட்டே இரு."

"சரிம்மா," என்று சிரித்தான்.

ஜன்னலுக்கு வெளியிலும் ஃபோனுக்குள்ளும் ஒரே சமயத்தில் அந்த மந்தமான சத்தம் கேட்டது.

"என்ன ஆஃப்ரா, மறுபடியும் குண்டு வைக்கிறீங்களா?" என்று கேட்டான் காஸ்பர்.