மூன்றாவது ட்ரே

1
இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. போன வாரம் என் சிநேகிதி மேடையில் பேசி முடித்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். வேறு வழி?

2
முதல் வரைவு: "சிறகொடிந்த அந்தப் பெண் நிருபர்..." (சீ! அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: சொந்த நாட்டில் நாங்கள் இருவரும் நிருபர்கள். ஒரே நாளில் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தோம். எங்கள் மொழி வாரப் பத்திரிகை ஒன்றில் வாசகர் கடிதங்களைப் பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அவளை ஓர் ஏஜென்ட், ஓட்டல் துணிகள் வெளுக்கும் சலவை ஆலைக்குக் கூட்டிப்போனான். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு கதவைப் பூட்டினார்கள். பதினாறு மாதம். ஒருநாள் பாய்லர் வெடித்து, தீயணைப்புக்காரர்கள் வந்து உடைத்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. இன்று அவள் அதுபோன்ற கதவுகளைத் தேடிப்போய்த் தட்டுகிறாள்.

(அடிக்குறிப்பு: இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை, இவ்வளவு நல்லவளா? ஒரு குறையாவது வேண்டுமே என்று தேடினேன். டீயைச் சத்தமாக உறிஞ்சுவாள். அவ்வளவுதான் கிடைத்தது.)

3
நேற்று என் சமையலறையில் உட்கார்ந்து அப்படித்தான் உறிஞ்சினாள்.

"என் கதைய நீதான்டி எழுதணும். மத்தவங்க எழுதினா அழ வச்சே கொன்னுடுவாங்க."

"நீயே எழுதேன். கைதட்டத்தான் ஊரே இருக்கே உனக்கு."

"பொறாமையப் பாரு இவளுக்கு!" என்று சிரித்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒண்ணு மட்டும் கண்டுபிடிச்சுக் குடு. அஞ்சாவது மாசம் தலையணை உறைக்குள்ள ஒரு சீட்டு வச்சு அனுப்பினேன். மாட்டினா அடிப்பாங்கன்னு பேர் போடல. ஓட்டல்ல வேலை பாக்குற அக்கா அத உங்க ஆபீசுக்குத் தபால்ல போட்டாங்களாம். உன் கைக்கு வந்திருந்தா, கையெழுத்தப் பாத்ததுமே ஓடி வந்திருப்பே. நடுவுல எவளோ அமுக்கிட்டா."

"விசாரிக்கிறேன்," என்றேன்.

4
முடிவு அ: சீட்டு தபாலில் தொலைந்தது. (வசதியாக இருக்கிறது.)

முடிவு ஆ: பெயரும் முகவரியும் இல்லாத கடிதங்கள் மூன்றாவது ட்ரேக்குப் போகும், மாதக் கடைசியில் கிழிபடும். அது ஆபீஸ் விதி. எனக்குக் கையெழுத்து அடையாளம் தெரியவில்லை. (இதை எழுதும்போது கை கூசுகிறது.)

முடிவு இ: தேதி, நேரம், இடம் என்று செய்தி போலத் தொடங்கியது அந்தச் சீட்டு. அவள் கையெழுத்துதான், பார்த்ததுமே தெரிந்தது. வேஷம் போட்டு உள்ளே புகுந்து செய்தி சேகரிக்கிறாள், முதல் பக்கத்தைத் தட்டிக்கொண்டு போகப்போகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்களைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்" என்ற வரியை இரண்டு முறை படித்த பிறகும் நான்

(இந்த வாக்கியத்தை நாலு தடவை முடித்துப் பார்த்தேன். நாலும் பொய்.)

மூன்றாவது ட்ரே. அதன்பின் அவளுக்கு இன்னும் பதினொரு மாதம்.

5
முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது எங்களைப் போன்றவர்களின் வழக்கம். நானும் விடுகிறேன். உங்களிடம் அல்ல, கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் வாசகி அவள்தான். உறையின் மேல் அனுப்புநர் இடத்தில் என் பெயரையும் முகவரியையும் தெளிவாக எழுதி ஒட்டியாகிவிட்டது.

காறித் துப்பட்டும், தாங்கிக்கொள்வேன். மன்னித்துவிடுவாளோ என்பதுதான் பயம். அதிலும் அவளே ஜெயித்துவிடுவாள்.