சனிக்கிழமைகளில் தேவமலர்

பரமேஸ்வரனுக்குச் சந்தேகம் பிடித்தது மலாக்காவின் கிளேபாங் கடலோரத்துக் கடையொன்றில். தேங்காய் ஷேக் வாங்க வரிசையில் நின்றபோது, அவர் மனைவி தேவமலரோடு கிளினிக்கில் வேலை செய்யும் பவானேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"சனிக்கிழமையானா காட்டுல நல்லா நடக்குறீங்க போல," என்றார், பேச்சுக்கு.

"நானா? முட்டி வலிண்ணே எனக்கு. படி ஏறவே முடியல, காட்டுக்கு எங்க போறது?"

நான்கு மாதமாகத் தேவமலர் சொல்லி வந்தது வேறு. பவானேஸ்வரியும் இன்னும் இரண்டு கிளினிக் கூட்டாளிகளும் கூட வருகிறார்கள் என்று சொல்லித்தான், சனிக்கிழமைதோறும் பாச்சாங் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு டுரியான் துங்கல் பக்கத்து ஆற்றோரப் பூங்காவுக்குப் போனாள். திரும்பியதும் போனில் படம் காட்டுவாள். ஆற்றின் மேல் சாய்ந்த மரத்தில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் போட்டுச் சிரிக்கும் படம். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அப்படியொரு சிரிப்பு தனக்கு வாய்த்ததில்லை என்று அவர் அப்போதே நினைத்துக்கொண்டார். அந்தப் படத்தை எடுத்தது யார் என்று இப்போதுதான் நினைத்தார்.

அவளிடம் கேட்கவில்லை. புதன்கிழமை ஆயர் குரோ தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு, வேலைக்குப் போவதுபோல் கிளம்பி, பூங்கா வாசலில் போய் இறங்கினார்.

ஜனவரி மாதம். ஒரு வாரமாக விடாத மழை அன்று காலைதான் தூறலாக இளைத்திருந்தது. மலாக்காவில் அப்படிக் குளிர்ந்து அவர் பார்த்ததில்லை. காவல் கொட்டகையில் மாயாண்டி என்று பெயர் வில்லை குத்தியிருந்த காவலாளி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"தனியாவா போறீங்க? பாதை லிச்சினா இருக்கு, வழுக்கும். பார்த்துப் போங்க."

மரங்களுக்குள் நுழைந்ததும் குளிர் சட்டைக்குள் இறங்கியது. இடது பக்கம் ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி ஓடியது. மூங்கில் புதரைத் தாண்டும்போதெல்லாம் காற்று உலுக்கி நீர் கொட்டியது. ஒவ்வொரு சறுக்கலிலும் யாரோ ஒருவன் அவள் கையைப் பிடித்து ஏற்றிவிடுவதை மனக்கண்ணில் பார்த்தார். ஒரு மணி நேர நடையில் அந்த ஆளுக்கு ஒரு முகமே வந்துவிட்டது. நரைக்காத தலை, காலில் விலை உயர்ந்த சப்பாத்து, அவசரமில்லாத பேச்சு. தொங்கு பாலத்தில் கால் வைத்தபோது, பலகை ஆடுகிற ஆட்டத்தில் அவள் அவனைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றி, கம்பியை இறுகப் பற்றி நின்றார்.

பாலத்துக்கு அப்பால் அந்தச் சாய்ந்த மரம் இருந்தது. எதிரே நெஞ்சுயரத்தில் ஒரு கவட்டைக் கிளை. அதில் தேவமலர் தலைமுடியில் கட்டும் மஞ்சள் ரப்பர் இரண்டு சுற்றாக மாட்டியிருந்தது. தம் போனை அதில் செருகிப் பார்த்தார். திரையில் அதே மரம், அதே ஆறு, அதே அளவு வானம்.

படம் எடுக்க ஆளே வந்ததில்லை.

அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியோடு போய் மரத்தில் உட்கார்ந்து, போன் தானாக எடுத்த படத்தைப் பார்த்தார். அடையாள அட்டையில் இருப்பதுபோல் விறைத்த முகம். இதே இடத்தில், யாருமே இல்லாமல், அவளுக்கு அந்தச் சிரிப்பு எப்படி வந்தது? ஒருவன் என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். இந்தத் தண்ணீரை என்ன கேட்பது? படத்தை அழித்துவிட்டு எழுந்தார்.

திரும்பி வந்தவரிடம் மாயாண்டி தாமே பேச்சுக் கொடுத்தார்.

"உங்க மாதிரியே ஒரு அக்கா தனியா வருவாங்க, சனிக்கிழமைல. மூங்கில்கிட்ட வரும்போதே பாட்டு கேக்கும். நல்ல குரல் லா."

"பாடுவாங்களா?"

"வாய் ஓயாது."

பரமேஸ்வரன் வீட்டில் ஒரு தாலாட்டுகூடக் கேட்டதில்லை.

சாயங்காலம் தேவமலர் வந்தபோது அவர் கணுக்காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. அவள் சேறு படிந்த சப்பாத்தைப் பார்த்தாள்.

"ஆத்துக்கா போனீங்க?"

"யார்கூட போறேன்னு பார்க்கப் போனேன்."

அவள் கைப்பையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "பார்த்தீங்களா?"

"யாரும் இல்ல. அப்புறம் ஏன் பொய் சொன்ன?"

"தனியா போறேன்னா விட்டிருப்பீங்களா?"

அவர் குனிந்து மறுபடியும் ரத்தத்தைத் துடைத்தார். "இந்தச் சனிக்கிழமை நானும் வரட்டா?" என்றார்.

அவள் பஞ்சை எடுத்து வந்து கணுக்காலில் வைத்து அழுத்தினாள். வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க," என்றாள். "கோவிச்சுக்காதீங்க. நாம வேற எங்கயாச்சும் போவோம். அங்க வேணாம்."

சனிக்கிழமை ஏழு மணிக்கு அவரே போய் வெளிக்கதவைத் திறந்துவிட்டார். "மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள். கார் முச்சந்தியில் திரும்பும்வரை நின்றார். பாலத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வாள் என்று அவருக்கு இப்போது தெரியும். எட்டரைக்குப் போனைக் கையில் எடுத்தார். பிறகு, கூப்பிடாமலே மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.