ஒருத்தர் வேண்டாமென்றாலும் வேண்டாம்

எதிர்வீட்டுத் தையல் கடைதான் அந்தக் கட்சியின் அலுவலகம். என் ஜன்னல் திறந்திருப்பது காற்றுக்காக. காதில் விழுந்தால் நான் என்ன செய்ய?

போன தேர்தல்வரை நகரமன்றத்தில் அவர்கள் மூன்றே பேர்: கடைக்கார அக்கா, பஸ் டிரைவர், டிரைவரின் மச்சான் மருந்துக்கடைக்காரர். 'ஒருத்தர் வேண்டாமென்றாலும் வேண்டாம்' என்று அப்போது ஒரு விதி போட்டுக்கொண்டார்கள். ஒரே ஆட்டோவில் அடங்குகிற கட்சிக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த முறை பதினோரு பேர் ஜெயித்துவிட்டார்கள். மன்றத்தில் மயிரிழைப் பெரும்பான்மை. ஆளுக்கொரு கொள்கையோடு வந்து கடையை நிறைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் தலைவர் பதவிக்கு ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் நாற்காலி எதிர்க்கட்சிக்கு. அக்கா முதல் கூட்டத்துக்கென்று தைத்த நீலக் கோட்டு பொம்மையின் மேல் தொங்கியது. பொத்தான்தான் பாக்கி. ஆசை யாருக்குத்தான் இல்லை?

"பஸ் இலவசம்னு அக்கா வாக்குக் குடுத்தாத்தான் என் ஆதரவு" என்றார் டிரைவர்.

"கடை வரியைக் குறைக்கிறேன்னு சொன்னாத்தான் என்னோடது. இலவச பஸ்ஸுக்கு டீசல் யாரு போடுவா, உங்க மாமனாரா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அவர் உங்கப்பாதானே மச்சான், நீயே கேட்டுச் சொல்லு!"

கடையே சிரித்தது. ஆனால் சிரித்து முடித்ததும் ஒருவர் வேண்டாம் என்றார், மற்றவரும் வேண்டாம் என்றார். அக்காவின் பெயர் பழைய விதியில் மாட்டி அப்படியே நின்றது. புதியவர்கள் முனகத் தொடங்கினார்கள்.

அக்கா ஊசியைக் குத்தி வைத்தார். "இந்த விதியால ரத்தம் கொதிக்கிறவங்க மட்டும் கையைத் தூக்குங்க."

பதினோரு கைகளும் மேலே. மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் முறைத்தபடி தூக்கினார்கள்.

"ஒருமனதா முடிஞ்சுது. விதி போச்சு. இனிமே பெரும்பான்மைதான்."

"அக்கா, இது அநியாயம்!" என்றார் டிரைவர். கை மட்டும் இன்னும் இறங்கவில்லை.

அடுத்த வாக்கெடுப்பில் அக்காவுக்கு ஒன்பது பேர். எதிர்த்தவர்கள் இரண்டே பேர், யாரென்று சொல்லவும் வேண்டுமா? டிரைவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த இருவர் மட்டும் ஒரே பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை.

"உங்க ரெண்டு பேரையும் நான் விடமாட்டேன்" என்றார் அக்கா. "மன்றத்துல என்கூட ஓட்டுப் போடுங்க. இங்க எவ்வளவு வேணும்னாலும் என்கூட சண்டை போடுங்க. சம்மதமா?"

மருந்துக்கடைக்காரர் யோசித்தார். "சத்தமா சண்டை போடலாமா?"

"தாராளமா. ஆனா கதவைச் சாத்திட்டு. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தே கிடக்கு."

என்ன வாய் பாருங்கள்! ஜன்னலைச் சாத்தினேன், பாதி.

காலையில் பொம்மை வெறுமையாக நின்றது. நீலக் கோட்டு தெருவில் நிமிர்ந்து நடந்தது. இடப்பக்கம் இலவச பஸ், வலப்பக்கம் வரிக்குறைப்பு, இருவரும் ஒரே நேரத்தில் அக்காவின் காதில். அக்கா மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டு போனார். மன்றத்தில் பதினோரு ஓட்டும் அக்காவுக்கே விழுந்தன.