மாவில் இரண்டு கை

…ஆய்வறிக்கையில் இரண்டு கரண்டி அளவு எப்படி வரும், ஒரு கரண்டிதானே, அதுவும் தலை தட்டின கரண்டி, தடை வந்த பிறகும் பேக்கரி முதலாளியான பெரியவர் அதற்கு மேல் ஒரு சிட்டிகை போட்டதில்லை, ஆய்வகத்தில்தான் எவனோ தப்புப் பண்ணியிருக்கிறான்… ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ஒன்றுதான் போட்டேன் என்றால் போட்டேன் என்று ஆகிவிடுமே. மாவு பிசையும் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரி அவர் மகளைவிடச் சின்னப் பெண், மூட்டைமேல் காகிதத்தை வைத்துக்கொண்டு, "பொட்டாசியம் புரோமேட்டை யார் கலந்ததுன்னு எழுதணும் சார், பேர் இல்லாம நான் போக முடியாது" என்கிறாள். பேர்! மூன்று தலைமுறையாக வாசலில் எழுதியிருக்கும் பேரைத் தவிர அவரிடம் வேறு என்ன இருக்கிறது? ரொட்டியை உப்ப வைக்கும் அந்தப் பொடியை நிறுத்திய முதல் வாரமே ரொட்டி நடுவில் குழிந்துபோயிற்று, "என்னங்க, ரொட்டிக்கும் வயசாயிடுச்சா?" என்று ஒரு வாடிக்கையாளர் சிரித்தார், அப்புறம்தான் விடிகாலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வந்து தண்ணீர்த் தொட்டியில் ஒரு கரண்டி… அடுப்புச் சூட்டில் அதன் விஷமெல்லாம் போய்விடும் என்பார் அப்பா. போகும்தானே? ஒரு கரண்டி போகும். இரண்டு? பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நானூறு ரொட்டி. பேத்திக்குக் காலையில் இரண்டு துண்டு, ஓரத்தைக்கூட விடமாட்டாள்.

"நான்தாம்மா போட்டேன். ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாது." மாவு மாஸ்டர். இருபத்தாறு வருஷமாக இந்த அறையில் நிற்கிறவன். எனக்காகப் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறானே, இப்படியும் ஒரு மனுஷனா, நல்ல வக்கீலாகப் பார்க்க வேண்டும், அவன் வீட்டை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்… அதற்குள் அங்கே போய்விட்டதா மனசு? பக்கத்தில் நின்ற பெரியவர் மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நம்ம ரொட்டியில மருந்தே கிடையாதுன்னு ஊரெல்லாம் சொன்னேனே அண்ணே! எங்க வச்சிருந்தீங்க?" மாஸ்டர் ஈஸ்ட் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு ஜாம் பாட்டிலை எடுத்தான். பாதி வெள்ளைப் பொடி. உள்ளேயே கரண்டி. "உப்போட கலந்துடுவேன் தம்பி. ரொட்டி உக்காந்துபோனப்ப ஐயா முகத்தைப் பாக்க முடியலை. பேரு கெட்டுடக் கூடாதேன்னு…"

அது பெரியவருடைய பாட்டில் இல்லை. அவருடையது மாடி அறையில் பூட்டுக்குள் இருக்கிறது. ஆக, தண்ணீரில் ஒன்று, உப்பில் ஒன்று, ஒன்றரை வருஷம், தினமும், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே பேருக்காக. அவன் பொய் சொல்லவில்லை. பொய்யே இல்லை என்றால் இதில் நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது? "வேற யாருக்காவது பங்கு உண்டா?" என்று கேட்டுவிட்டு அதிகாரி பேனாவோடு காத்திருக்கிறாள், மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான், மகன் அவனைத்தான் முறைக்கிறான், இவர் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. வாயைத் திறந்தால் போதும். திறக்கலாம்… மூச்சு இவ்வளவு லேசாக வருகிறதே, ஏன்? முதுகில் ஏதோ சில்லென்றது. சுவர். யார் முன்னாலும், அப்பாவின் பிணத்துக்கு முன்னால்கூட, எதிலும் சாயாமல் நின்றவர். எப்போது சாய்ந்தோம்?