காரம் தேடிப் போனவர்கள்

காய்ச்சல் போகும்போது அண்ணனின் நாக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கும் அடைத்த கதவு மாதிரி ஆகிவிட்டது. பெரிய கம்பெனி கேன்டீனில் தலைமைச் சமையல்காரன் அவன். உதவியாளர்களை ருசி பார்க்கச் சொல்லி, அவர்கள் முகத்தைப் பார்த்தே கொஞ்ச நாள் சமாளித்தான். அப்புறம் ஒருநாள் குழம்பு வாயில் வைக்க முடியாமல் போனது. "திங்கட்கிழமை என் கண் முன்னாடி நீ தனியா சமைக்கிற" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அடுப்பைத் தவிர அவனுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

உண்மையான காரம் பட்டால் செத்த நாக்கும் எழுந்து உட்காரும் என்று யாரோ சொன்னதைத் தங்கை பிடித்துக்கொண்டாள். ஞாயிறு மத்தியானம் அவனை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதல் ஹோட்டலில், மெனுவில் 'நெருப்புக் கோழி' என்று போட்டிருந்தது. அண்ணன் ஒரு துண்டை எடுத்து மென்றான்.

"எப்படி இருக்கு? நீ சொல்லு."

"பாயசம் மாதிரி இருக்குண்ணா. நெருப்பையும் காணோம், கோழியையும் காணோம்."

அடுத்த கடையில் சர்வர், "சின்னப் பிள்ளைங்களே சாப்பிடும், பயப்படாதீங்க" என்றான்.

"நாங்க பயப்படத்தான் வந்தோம்" என்று அவள் எழுந்துவிட்டாள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சின்னக் கடையில்தான் கேட்ட காரம் வந்தது. ஒரு வாய் வைத்ததும் அவளுக்கு விக்கல் எடுத்தது, காது அடைத்தது. அண்ணனின் நெற்றி வியர்த்தது. கண்ணில் நீர் வழிந்தது.

"தெரியுதாண்ணா?"

"எரியுது."

"அப்போ வந்துடுச்சு!"

அவனும் அதை நம்பப் பார்த்தான்.

உள்ளேயிருந்து சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வேகமாக வந்தார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நானும் நம்ம தொழில்தான் தம்பி. மசாலா நல்லாப் பிடிச்சிருக்கு. உப்பும் சரியா நிக்குது."

சமையல்காரரின் முகம் சுருங்கியது. "குத்திக் காட்டாதீங்கண்ணே. காரத்தைக் கூட்டுற அவசரத்துல உப்பே போடல. அதைச் சொல்லி மாத்திக் குடுக்கத்தான் ஓடி வந்தேன்."

மாற்ற வேண்டாம் என்று அண்ணன் தலையசைத்தான். அவர் சங்கடத்தோடு உள்ளே போனார். மேசை மேல் இருந்த உப்பை எடுத்து, விரல் நுனியால் தூவி, கிளறி, தட்டைத் தங்கை பக்கம் தள்ளினான்.

"கை மறந்திருக்காது. பாரு, சரியா இருக்கா?"

அவள் ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய் வைத்தாள். நாக்கு முழுக்க வெந்து கிடந்தது. உப்பா, புளிப்பா, ஒன்றும் பிடிபடவில்லை. சரியாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாளைக்கு அந்தப் பொய்யோடு அவன் மேனேஜர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.

"தெரியலண்ணா."

அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தலை நிமிராமல், மீதியைச் சாப்பிட ஆரம்பித்தான்.