அன்புராசாவின் ஐந்தாம் வாளி

அன்புராசா தம் வீட்டில் நான்கு முறை பியர் காய்ச்சினார். நான்கு முறையும் அது புளித்தது. ஏதோ இலேசாகப் புளித்திருந்தாலும் மானத்தைக் காப்பாற்றியிருக்கலாம். வாயில் வைத்தவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் வாசலைத் தேடுமளவுக்கு அது புளித்தது.

இத்தனைக்கும் அவர் கவனமற்றவர் அல்லர். முப்பத்தோராண்டுகள் மருந்துத் தொழிற்சாலையொன்றில் தலைக்குத் தொப்பியும் தாடிக்கு வலையும் அணிந்து குளிசை நிரப்பி ஓய்வு பெற்றவர். கைகழுவுவதை ஒரு திருவருட்சாதனம்போலச் செய்பவர். குளிர்நாட்டு ஊரான வோபர்னிலுள்ள அவர் வீட்டின் பேஸ்மன்ற் எனும் நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் இருந்த சிற்றறையே அவருடைய பியர்ச்சாலை. அங்கே இருபது லீற்றர் வெள்ளை வாளியொன்றும், சுவரில் நாள்தோறும் வெப்பநிலை குறிக்கும் தாளொன்றும் இருந்தன. வேலையை விட்டபின் "இது நான் செய்தது" என்று பிறர்முன் வைக்க அவருக்கு வேறொன்றும் இருக்கவில்லை. அதனால்தான் புளிப்பு நாவைவிட நெஞ்சைக் கூடுதலாக அரித்தது.

நான்காம் வாளியைச் சுவைத்தவர் மனைவி பேர்ணடெற்றின் தமையன் றெமிஜியஸ். பக்கத்து ஊரான பிக்கரிங்கிலிருந்து ஞாயிறு தவறாமல் வருவார். வரும்போது சிறு பியர்ச்சாலைகளின் உயரமான தகரக் கான்களைக் கையோடு கொண்டுவருவார். அவற்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, அதன்பின்பே குடிப்பார்.

"மச்சான், இதைக் குடிச்சுப் பார். முதல் மாம்பழம் வரும், பிறகு பைன் மரம் வரும், கடைசியா ஒரு கைப்பு வந்து தொண்டையிலை குந்திக்கொண்டிருக்கும். உன்ரையிலை முதல் வாறதும் புளி, கடைசியா வாறதும் புளி. சலாட்டுக்கு விடலாம்."

"இப்பப் புளிப்புப் பியர்தானே பாஷன்? அப்பிடியெண்டு சொல்லிவிடன்," என்றார், பக்கத்து வீட்டுச் சச்சிதானந்தன்.

"இல்லை, சச்சி அண்ணை. நான் காய்ச்சினது கோதுமைப் பியர். வாழைப்பழ வாசம் வரவேணும். தற்செயலாப் புளிச்சதுக்குப் பேர் வைச்சுக் கொண்டாட மாட்டன்," என்றார் அன்புராசா.

"அப்ப கடையிலை வாங்கு!" றெமிஜியஸ் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் அன்புராசாவை எழுந்து நிற்க வைத்தது. "அஞ்சாவது வாளியும் புளிச்சுதெண்டால், முழுச் சாமானையும் தூக்கி றோட்டிலை வைப்பன். குப்பை லொறி கொண்டு போகட்டும். அதுக்குப் பிறகு பியர் எண்ட பேச்சே எடுக்கமாட்டன். போதுமே?"

குசினியிலிருந்து பேர்ணடெற் பதறியடித்துக்கொண்டு வந்தார். "என்னப்பா, உதுக்கெல்லாம் ஒரு சபதமே?"

அன்புராசா வியந்தார். ஓராண்டாக "உந்தச் சனியன் பிடிச்ச வாளியைத் தூக்கி எறியுங்கோ" என்று வைதவர் அவரே. முப்பத்தைந்தாண்டு இல்லறத்தின் அன்பு இக்கட்டான வேளையில் வெளிப்படுகிறதென்று கணவர் உள்ளூர நெகிழ்ந்தார்.

மறுநாள் ஐந்தாம் வாளிக்கான வேலை தொடங்கியது. சச்சிதானந்தன் இரசாயன ஆய்வுகூடமொன்றில் பணியாற்றியவர். விசாரணையை அவர் பொறுப்பேற்றார். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரீன்மேல் முதலில் ஐயம் பிறந்தது. தண்ணீர் கொதித்து ஆறியது. நொதிக்க வைக்கும் ஈஸ்ற் பழையதோ என்றார், புதியது வந்தது. வாளியிற் கீறல் இருந்தால் கிருமி குடியிருக்கும் என்றார், வாளியே புதிதாயிற்று. புதுவாளியில் பியரின் மட்டத்தைக் கறுப்பு மையாற் கோடிட்டு வைத்ததும் அவர்தாம்.

ஆறாம் நாள் கோடு மேலே நின்றது. பியர் ஒரு விரற்கடை கீழே நின்றது.

"தம்பி, உண்மையைச் சொல்லு. களவாக் குடிக்கிறியோ?"

"அந்தோனியார் சத்தியமா இல்லை, அண்ணை. ஒழுகியிருக்குமோ?"

நிலம் உலர்ந்திருந்தது. ஆனால் வாளியின் விளிம்பில் வெண்மையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. சச்சிதானந்தன் அதைச் சுரண்டி, முதலுதவிப் பெட்டியிலிருந்த அயடீனில் ஒரு துளி விட்டார். அது நீலக்கறுப்பாயிற்று.

"மாப்பொருள்!" என்றார் அவர், கொலைகாரனைக் கண்டவரைப்போல.

"இஞ்சை எப்பிடி மா வந்தது?"

சச்சிதானந்தன் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து மேலே பார்த்தார். "சீலிங் பலகையிலை மாப்பொருள் சேர்ப்பாங்கள். மேலை நீங்கள் நடக்க நடக்கத் தூள் விழுகுது. விளங்குதே? புளிக்கிறதுக்குக் காரணம் உங்கடை நடைதான்!"

முதியோர் இருவரும் ஏணிவைத்து ஏறி, குளியலறைத் திரைச்சீலைகள் மூன்றைக் கூரையில் ஒட்டினார்கள். ஒருவாரம் முழுவதும் அன்புராசா தம் வீட்டில் பூனையைப்போல நுனிக்காலில் நடந்தார். பேர்ணடெற் ஏனென்று கேட்கவில்லை. எதையும் கேட்காமல் விடாத பெண்மணி கேட்காமலிருந்ததை அவரும் கவனிக்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு வந்தது. பூசை முடிந்து எல்லாரும் மேசையைச் சுற்றி அமர்ந்தனர். பேர்ணடெற்றின் பாலப்பம் ஒவ்வொன்றாய்த் தட்டில் விழுந்தது: கரை மொறுமொறுவென்று, நடு பஞ்சுபோல. சென்ற ஓராண்டாக அவருடைய அப்பத்துக்குத் தேவாலயப் பங்கு முழுவதிலும் பெரும்பெயர். கைராசி என்றார் கோயிற் பெண்கள். பேர்ணடெற்றும் அடக்கமாகத் தலைகுனிந்து அதை ஏற்றுக்கொண்டிருந்தார்.

அன்புராசா கீழிருந்து தூக்கிவந்த வாளியின் குழாயைத் திறந்து மூன்று கிண்ணங்களை நிரப்பினார். நிறம் பொன்னிறம். வாழைப்பழ வாசம்கூட இருந்தது. அவர் முதலிற் குடித்தார்.

ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

றெமிஜியஸ்கூடச் சிரிக்கவில்லை, வாய்நிறைய அப்பம். அன்புராசா கிண்ணத்தை மேசைமேல் வைத்தார், எழுந்தார், இருபது லீற்றர் வாளியை இரு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். இம்முறை நுனிக்காலில் நடக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, அதை வையுங்கோ!"

பேர்ணடெற் கரண்டியும் கையுமாய்க் கதவை மறித்து நின்றார்.

"விடும். சொன்னால் சொன்னதுதான்."

"ஐயோ, அதைக் கொண்டுபோனால் நான் அப்பத்துக்கு எங்கை போவன்?"

வாளி நிலத்தில் இறங்கியது.

"அப்பத்துக்கோ?"

பேர்ணடெற் ஏப்ரனின் நுனியைத் திருகினார். "அப்ப மாவுக்குக் கள்ளு விடவேணுமெல்லே? இஞ்சை கள்ளுக்கு எங்கை போறது? ஒருநாள் உடுப்புத் தோய்க்கக் கீழை போனன். உங்கடை வாளியிலை கள்ளு மணந்தது. சும்மா ரெண்டு கரண்டி விட்டுப் பாத்தன், மா பொங்கிப்போச்சு. பிறகு ஒவ்வொரு சனியும்…"

"ஏனப்பா சொல்லயில்லை?"

"ஒரு வருசமா அந்த வாளியைத் திட்டிப்போட்டு, அதாலைதான் என்ரை அப்பம் பொங்குதெண்டு எந்த வாயாலை சொல்ல?"

சச்சிதானந்தனுக்கு அயடீனின் நீலம் கண்முன் வந்தது. "தங்கச்சி, எந்தக் கரண்டியாலை எடுத்தனீங்கள்?"

"இதாலைதான். மா கரைக்கிறது."

"கழுவிப்போட்டோ?"

"கழுவிறதோ? திரும்பவும் மாவுக்குள்ளைதானே விடப்போறன்!"

ஓராண்டாய்க் கிருமிநீக்கியில் முழங்கைவரை மூழ்கியெழுந்த அன்புராசா படிக்கட்டில் மெல்ல அமர்ந்தார். அவருக்கு ஆத்திரமும் வந்தது; பெரும் ஆறுதலும் வந்தது. எது முந்தியதென்று தெரியாததால் சிரித்துவிட்டார். "அப்ப என்ரை பியரிலை பிழை இல்லை. கேட்டியே மச்சான்? பிழை இல்லை!"

றெமிஜியஸ் விழுங்கி முடித்தார். "அது வேறை கதை. புளிச்சால் றோட்டிலை வைக்கிறதெண்டுதான் சொன்னனீ. ஆர் புளிக்க வைச்சதெண்டு கதைக்கயில்லை. சபதம் சபதம்தான்."

"அண்ணை," என்றார் பேர்ணடெற், "உங்களுக்கு உது எத்தினையாவது அப்பம்?"

"ஏழாவது."

"எட்டாவது வேணுமே?"

றெமிஜியஸ் சிறிது சிந்தித்தார். பிறகு தட்டை நீட்டினார். சபதம் அத்துடன் தீர்ந்தது.

தம் உரிமை நிலைபெற்றதைக் கண்ட அன்புராசா சட்டங்கள் வகுக்கத் தொடங்கினார். இனி எவரும் மூடியைத் திறக்கக்கூடாது. மாவுக்கு வேண்டியதை அவரே குழாயில் பிடித்துத் தருவார். பேர்ணடெற் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். பிறகு தாமும் தொடங்கினார்.

"அடுத்த மாதம் கோயில் பெருநாளுக்கு முந்நூறு அப்பம் ஒத்துக்கொண்டிட்டன். உந்த ஒரு வாளி காணாது. பெருநாளுக்கு முதல் வெள்ளிக்கிழமைக்கிடையிலை பொங்கி நிக்கவேணும். மற்றது, அந்தக் கைக்கிற பூவை என்னத்துக்குப் போடுறியள்? அப்பத்திலை கைப்புத் தட்டுது எண்டு கோயிலுக்கு வாற குணவதி சொன்னவ. இனிப் போடாதேங்கோ."

"ஹொப்ஸ் பூப் போடாமல் எப்பிடியப்பா பியர் ஆகும்?"

"உங்களுக்கு ஆர் பியர் கேட்டது?"

சச்சிதானந்தன் தலையிட்டு நடுவர் தீர்ப்பு வழங்கினார்: ஆளுக்கொரு வாளி, அப்ப வாளிக்கு முதலிடம். அன்புராசா மறுத்துப் பார்த்தார். றெமிஜியஸ் எட்டாவது அப்பத்தோடு தங்கையின் கட்சியிற் சேர்ந்துவிட்டிருந்தார்.

அன்று பிற்பகலே புதுவாளி வாங்க அன்புராசா சப்பாத்து மாட்டும்போது, பேர்ணடெற் மாக்கரண்டியும் கையுமாய் வாசல்வரை வந்தார்.

"மூடி இறுக்கமானதாப் பாத்து வாங்குங்கோ," என்றார். "கண்டவையும் வந்து ஊத்தைக் கரண்டி விட்டால், என்ரை அப்பம் என்னத்துக்காகும்?"