முதுகு காட்டிய குரங்குகள்

அந்தத் தெருவில் பட்டன் தைத்த முதல் குரங்கு ஒரு பெண் குட்டி. தையல்காரர் சாப்பிடப் போன நேரத்தில் அது ஆறு சட்டைகளை முடித்து வைத்திருந்தது. ஊசியில் நூல் கோக்கும் முன் தையல்காரர் மூன்று முறை காதைச் சொறிவார், குட்டியும் சொறிந்தது. பேன் பார்க்க நெருங்கி உட்காரும்போது ஒன்றின் கையை மற்றொன்று கவனித்ததில், குட்டியிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து சித்திமாருக்கும் வேலை பரவியது, காது சொறிவதோடு சேர்த்து. கூட்டத்தின் தலைவர் மட்டும் இரண்டு வருடம் கௌரவம் பார்த்துவிட்டு, யாரும் இல்லாதபோது கற்றுக்கொண்டார்.

மூன்றாம் வருடம் தையல்காரர் தன் மச்சினியின் ரவிக்கையை இறுக்கமாகத் தைத்துவிட்டு, "உன் தங்கச்சி பெருத்ததுக்கு நான் என்ன பண்ண?" என்றார். மனைவி பேச்சை நிறுத்தினாள். ஒரே கடையில் அவர் மிஷின் மிதிக்க, அவள் முதுகு காட்டி உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்தாள். "கத்தரிக்கோல் வேணும்னு சொல்லு" என்று குரங்குகள் வழியாகத்தான் குடித்தனம் நடந்தது. ஒரு மாதத்தில் கூரைமேல் மொத்தக் கூட்டமும் முதுகோடு முதுகாக உட்கார்ந்தது. பேன் பார்ப்பது நின்றது. அந்த வருடக் குட்டிகளுக்கு ஊசியும் தெரியவில்லை, எந்தக் காய் ஆகாது என்பதும் தெரியவில்லை. கடைக்குட்டி விஷக்காயைத் தின்றுவிட்டு, தையல்காரர் மனைவியின் மடியில் மூன்று நாள் சுருண்டு கிடந்தது.

"நம்மளப் பாத்துத்தான் இதுங்க கெட்டுப்போச்சு" என்று அவள் தையல் மிஷினைப் பார்த்து அழுதாள். பதினான்கு மாதத்தில் அதுதான் முதல் பேச்சு.

"'நம்மள'ன்னா சொன்ன?" என்றார் அவர்.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் தலையில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். அவர் சந்தோஷத்தில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காதைச் சொறிந்தார். கூரைமேல் முதலில் திரும்பியது கடைக்குட்டியின் தாய். பொழுது சாய்வதற்குள் பாதிக் கூட்டம் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்குட்டி எழுந்து தண்ணீர் குடித்தது. தலைவர் திரும்ப ஒன்பது நாள் ஆயிற்று.

ரவிக்கையைக் குரங்குகளே பிரித்து இரண்டு விரல் தளர்த்திக் கொடுத்தன. இன்று அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள்கூட நூல் கோக்கும் முன் மூன்று முறை காதைச் சொறிகிறார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நூல் முதல் தடவையிலேயே நுழைந்துவிடுகிறது.